மறுத்து எழுதிய ஜெனரல்

மாண்புமிகு பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



தங்கள் அமைச்சகத்தின் பூட்டுக்குள் 1963-லிருந்து ஓர் அறிக்கை கிடக்கிறது. லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பி.எஸ். பகத்தும் எழுதியது. 1962 சீனப் போரில் எங்கே சறுக்கினோம் என்று இந்திய ராணுவம் தனக்குத்தானே நடத்திய விசாரணையின் முடிவு அது. அதை வெளியிடச் சொல்லும் குரல்களில் பெரும்பாலானவை நேருவையோ அன்றைய பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஆசையில் எழுபவை. இந்த மடலுக்கு அந்த ஆசை இல்லை. தன் ஜவான்களுக்காக மேலிடத்தோடு மல்லுக்கட்டி, அதற்காகவே ஓரங்கட்டப்பட்ட ஒரு ஜெனரலின் பொருட்டு எழுதப்படுகிறது இது.

அவர் பெயர் லெப்டினன்ட் ஜெனரல் உம்ராவ் சிங். 1962 செப்டம்பரில் 33-ஆவது கோரின் தளபதி, தலைமையகம் ஷில்லாங். அந்த மாதம் 8-ஆம் தேதி சீன வீரர்கள் தாக்லா முகட்டைத் தாண்டி வந்து, தோலா என்ற சின்னஞ்சிறு காவல் சாவடியை நெருக்கினார்கள். அவர்களை விரட்டியாக வேண்டும் என்றது டெல்லி. விரட்டும் பொறுப்பு பிரிகேடியர் ஜான் தால்வியின் 7-ஆவது பிரிகேடு தலையில் விழுந்தது.

சாலை தவாங்கோடு முடிந்துவிடும். அதற்கு மேல் நடைதான். கணவாய் ஏறி இறங்கி நாம்கா சூ என்ற காட்டாற்றின் கரைக்குப் போக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த ஜவான்களில் பலர் உடுத்தியிருந்தது பருத்திச் சீருடை. பெரும்பாலோரிடம் ஆளுக்கு ஐம்பது தோட்டாதான். போர்த்திக்கொள்ள ஒற்றைக் கம்பளி. மீதியெல்லாம் விமானத்திலிருந்து வந்து விழ வேண்டியது. விழுந்தவற்றில் பெரும்பகுதி பள்ளத்தாக்குகளுக்குள் உருண்டு போனது. பதுங்குகுழி வெட்டப் போதுமான கருவிகள்கூட இல்லை. எதிரே, உயரமான முகட்டில், சீனர்கள் வசதியாக உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உம்ராவ் சிங் தாக்க மறுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அவரைப் பற்றிய முணுமுணுப்பு முழுக்க ‘தட்டிக்கழித்தார்’ என்பதுதான். தாக்குவதற்கு என்னென்ன தேவை, எவ்வளவு குண்டு, எவ்வளவு உணவு, எத்தனை குளிருடை என்று தால்வி கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்கை ஏற்று உம்ராவ் சிங் மேலே அனுப்பினார். இவை வந்து சேராமல் ஆட்களை முன்னே தள்ள முடியாது என்று எழுத்தில் வைத்தார். தன் தலைக்கு மேலாகக் கம்பெனி அளவில்கூட ஆட்களை இங்கே நகர்த்து, அங்கே நகர்த்து என்று உத்தரவு வருவதையும் எழுத்திலேயே ஆட்சேபித்தார். கிழக்குப் பிராந்தியத் தளபதி எல்.பி. சென்னுக்கு அது முட்டுக்கட்டையாகத் தெரிந்தது. உம்ராவை மாற்றச் சொன்னார்.

அடுத்து நடந்தது டெல்லிக்கே உரிய சாமர்த்தியம். அவரைப் பதவி நீக்கம் செய்யவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் 4-ஆவது கோர் என்று ஒன்றைப் புதிதாக உருவாக்கினார்கள். வடகிழக்கு எல்லைப்புறப் பகுதியான நேஃபாவின் (இன்றைய அருணாசலப் பிரதேசம்) எல்லை முழுவதையும் 33-ஆவது கோரிடமிருந்து பிடுங்கி அதன் கையில் கொடுத்தார்கள். தளபதியாக வந்தவர் டெல்லித் தலைமையகத்தில் செல்வாக்கோடு இருந்த லெப்டினன்ட் ஜெனரல் பி.எம். கௌல். உயரம் ஒத்துக்கொள்ளாமல், வழியில் ஒரு திபெத்தியச் சுமைகூலியின் முதுகில் ஏறித்தான் அவர் மலையைக் கடந்தார்.

கௌலுக்கும் நியாயம் செய்ய வேண்டும். அக்டோபர் 10-இல் செங்ஜோங்கில் 9-ஆவது பஞ்சாப் பட்டாளத்தின் சிறு குழு ஒன்றைச் சீனர்கள் பெரும்படையோடு வந்து தாக்கியதைக் கண்ணால் பார்த்தபோது அவருக்கும் நிலைமை புரிந்துவிட்டது. மறுநாளே டெல்லிக்குப் பறந்து சொன்னார். ஆனால் கூட்டம் முடிந்தபோது பிரிகேடு ஆற்றங்கரையிலேயே இருக்கட்டும் என்றுதான் முடிவானது. பிறகு கௌல் நோயில் விழுந்தார். டெல்லியில் படுக்கையிலிருந்தபடியே கோரை நடத்தினார்.

அக்டோபர் 19 அன்று தால்வி தன் டிவிஷன் தளபதி நிரஞ்சன் பிரசாத்தைத் தொலைபேசியில் அழைத்தார். முன்னே சீனர்கள் குவிவது தெரிகிறது, பின்வாங்க அனுமதியுங்கள், என் ஆட்கள் வெட்டிச் சாய்க்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட ராஜினாமா செய்யவும் தயார் என்று சொன்னார். அனுமதி வரவில்லை. மறுநாள் விடியலில் பீரங்கிகள் முழங்கின. அன்றே பிரிகேடு சிதைந்தது. 2-ஆவது ராஜபுத்திரப் பட்டாளத்தில் மட்டும் இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். தால்வி 22-ஆம் தேதி சிறைப்பட்டு, அடுத்த ஆண்டு மே மாதம்தான் ஊர் திரும்பினார்.

அமைச்சர் அவர்களே, இதில் யார் சொன்னது சரி என்பது ஆற்றங்கரையிலேயே தீர்ந்துபோன வழக்கு. தீராமல் கிடப்பது வேறு. தால்வி பின்னாளில் புத்தகம் எழுதினார். அதனால் அவர் தரப்பு நமக்குத் தெரியும். உம்ராவ் சிங் சொன்னதும் எழுதியதும் பெரும்பாலும் பிறர் எழுதியவற்றின் வழியாகவே வந்து சேர்கின்றன. அவருடைய ஆட்சேபங்களை எடைபோட்ட அதிகாரபூர்வ ஆவணம் தங்கள் பூட்டுக்குள் இருக்கிறது.

டேராடூன் அகாடமியில் பயிற்சி முடிக்கும் ஒவ்வோர் அதிகாரியும் 1932-இல் அன்றைய தலைமைத் தளபதி செட்வுட் அங்கே ஆற்றிய உரையின் சாரத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் வெளியே வருகிறார். முதலில் நாடு, அடுத்து உன் ஆட்கள், கடைசியில் நீ. வரிசை எளிது. மேலதிகாரி ஒருவர் முதல் வரியைக் காட்டி இரண்டாம் வரியை மிதிக்கும்போது இளம் அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்த உரையில் விடை இல்லை. விடை முன்னோர் நடந்துகொண்ட விதத்தில்தான் இருக்கிறது. அப்படி நடந்தவர்களில் ஜெயித்தவர்களை மட்டும் நாம் கொண்டாடுகிறோம்.

சிக்கிம் எல்லையில் டிவிஷன் தளபதியாக இருந்த சகத் சிங்கைப் பாருங்கள். 1965-இல் சீனா கெடு விதித்தபோது, நாது லா கணவாயைக் காலி செய்துவிட்டுப் பின்னுள்ள அரணுக்கு வரச் சொன்னார்கள். அவர் காலி செய்யவில்லை. பக்கத்து டிவிஷன் காலி செய்த ஜெலெப் லா சீனர் கைக்குப் போனது. 1967 செப்டம்பரில் நாது லாவில் வேலி போட்டுக்கொண்டிருந்த ஜவான்களைச் சீனத் துப்பாக்கிகள் சாய்த்தபோது, மேலிடத்து அனுமதிக்குக் காத்திராமல் பீரங்கியைத் திறந்துவிட்டவரும் அவரே. இன்று அவர் பெயரைச் சொல்லாத ராணுவக் கருத்தரங்கு இல்லை.

மானெக்‌ஷா இன்னும் பெரிய பெயர், 1971-இல் ராணுவத் தலைமைத் தளபதி. 1971 ஏப்ரலில் இந்திரா காந்தி உடனே போருக்குப் போகச் சொன்னதாகவும், மழைக்காலம் வருகிறது, டாங்கிகள் தயாரில்லை, இப்போது போனால் தோல்வி உறுதி என்று தாம் மறுத்ததாகவும், வேண்டுமானால் ராஜினாமா தருவதாகச் சொன்னதாகவும் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டம் அவர் சொன்னபடியே நடந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் ஐயப்படுகிறார்கள். அவர் கதை சொல்வதில் மன்னர். ஆனால் அதே மானெக்‌ஷா பத்தாண்டுக்கு முன் எங்கே இருந்தார் என்பதில் ஐயமில்லை. நீலகிரியில், வெலிங்டன் பணியாளர் கல்லூரியின் தலைவராக, தேசப்பற்று இல்லாதவர் என்கிற ரீதியிலான குற்றச்சாட்டுகளுக்கு விசாரணையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். விசாரணை அவரை விடுவித்தது. நேஃபா நொறுங்கிய பின் 4-ஆவது கோரை கௌலிடமிருந்து எடுத்துக்கொள்ளப் போனவரும் அவர்தான். சீனப் போர் மட்டும் வராதிருந்தால் அவரும் குன்னூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கும் இன்னொரு ஓய்வுபெற்ற ஜெனரலாகவே மறக்கப்பட்டிருக்கலாம்.

ஒவ்வோர் அதிகாரியும் இப்படி மறுக்கக் கிளம்பினால் ராணுவம் என்னவாகும் என்று தங்கள் அதிகாரிகள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் சொல்லே கடைசிச் சொல். அதில் பேரத்துக்கு இடமில்லை. உம்ராவ் சிங்கும் அதை மீறவில்லை. செய்தித்தாளுக்குப் போகவில்லை, உத்தரவைக் கிழித்தெறியவில்லை. தன் மேலதிகாரிக்கு எழுதினார், அவ்வளவே. ராணுவத் தலைமைத் தளபதி தாப்பரே அந்த செப்டம்பர் 22 அன்று, சீனரை விரட்டும் ஆணையை எழுத்தில் தரச் சொல்லி அமைச்சகத்தின் இணைச் செயலாளர் ஒருவரின் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டார். தலைவர் தம்மைக் காத்துக்கொள்ள ஒரு தாள் கேட்கலாம். கோர் தளபதி தம் ஆட்களைக் காக்க ஒரு தாள் எழுதக் கூடாதா?

வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலில் கொரோனா பரவியது. மாலுமிகளைக் கரையிறக்குங்கள், இது போர்க்காலம் அல்ல, அவர்கள் சாக வேண்டியதில்லை என்று கேப்டன் பிரெட் குரோசியர் மேலிடத்துக்கு எழுதினார். கடிதம் பத்திரிகையில் கசிந்தது. ஏப்ரல் 2-ஆம் தேதி பதவி போனது. குவாமில் அவர் கப்பலைவிட்டு இறங்கியபோது மாலுமிகள் கூட்டமாக நின்று அவர் பெயரைச் சொல்லி முழங்கினார்கள். அவரைக் கப்பலின் ஒலிபெருக்கியில் இகழ்ந்து பேசிய தற்காலிகக் கடற்படைச் செயலர் சில நாளில் தானே ராஜினாமா செய்ய நேர்ந்தது. மாலுமிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, ஒருவர் இறந்தார். கடைசியில் கடற்படை குரோசியருக்குப் பதவியைத் திருப்பித் தரவில்லை. அவரும் தாமதமாகச் செயல்பட்டார் என்றது. அந்த முடிவு சரியா என்று வாதிடலாம். வாதிட முடிவதற்குக் காரணம், விசாரணை அறிக்கையை அதே ஆண்டு ஜூனில் வெளியிட்டுவிட்டார்கள் என்பதுதான்.

நம் கதை வேறு. 1963 செப்டம்பரில் அன்றைய அமைச்சர் சவாண் நாடாளுமன்றத்தில் ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் வாசித்தார். 2010-இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஏ.கே. அந்தோணி, அறிக்கை இன்றைக்கும் ராணுவ நடவடிக்கைகளோடு தொடர்புடையது, வெளியிட முடியாது என்றார். 2014 மார்ச்சில் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை உலகம் முழுக்கப் பார்க்கும்படி வெளியிட்டுவிட்டார். எதிர்க்கட்சியிலிருந்த அருண் ஜெட்லி, இதை இன்னும் ரகசியமாக வைத்திருப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்று எழுதினார். அதே ஆண்டு ஜூலையில், பாதுகாப்பு அமைச்சராகிவிட்ட ஜெட்லி, வெளியிடுவது தேச நலனுக்கு உகந்ததல்ல என்று மாநிலங்களவைக்குப் பதில் தந்தார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்சிகளிடையே என்னவொரு ஒற்றுமை!

முன்னுதாரணம் நம்மிடமே உண்டு. திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியத்தின் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழுவின் அறிக்கை, போர் முடிந்த மறு ஆண்டே, 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. வெளியே தெரியக் கூடாத பகுதிகளை நீக்கிவிட்டுத்தான் வெளியிட்டார்கள். வானம் இடிந்து விழவில்லை. 2021 ஜூனில் தங்கள் அமைச்சகமே போர் ஆவணங்களுக்கு ஒரு கொள்கை வகுத்தது. 25 ஆண்டு கடந்தவற்றை வல்லுநர்கள் மதிப்பிட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றலாம் என்கிறது அது. இந்த அறிக்கைக்கு 25 ஆண்டு நிறைந்தது 1988-இல்.

கோரிக்கை இரண்டே. ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை, இன்றைய அரண்களையும் பாதைகளையும் பற்றிய வரிகளை மறைத்தாவது, வரும் கூட்டத்தொடரில் அவையில் வையுங்கள். 1962 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 33-ஆவது கோரிலிருந்து கிழக்குப் பிராந்தியத் தலைமையகத்துக்குப் போன கடிதங்களை அதனோடு இணைத்து, வெலிங்டன் கல்லூரியின் பாடத்தில் சேருங்கள். அங்கே ஆண்டுதோறும் படிக்க வரும் மேஜர்களில் யாரோ ஒருவர் பின்னாளில் கோர் தளபதி ஆகத்தான் போகிறார்.

இப்படிக்கு,
வரி கட்டும் வாசகர்களின் சார்பில்