தோன்றா எழுவாய்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

பள்ளியில் இலக்கணம் கற்ற நாளில் 'தோன்றா எழுவாய்' என்று ஒன்றைச் சொல்லித் தந்தார்கள். வினை இருக்கும், வினையைச் செய்தவர் வாக்கியத்தில் இருக்கமாட்டார், அவரை நாமே வருவித்துக்கொள்ள வேண்டும். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் தரும் செய்தி என்றுதான் அன்று நினைத்தேன். இன்று நாளிதழைப் பிரிக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது. 'குடிசைகள் எரிக்கப்பட்டன', 'சிலை சேதப்படுத்தப்பட்டது', 'இரு தரப்பினரிடையே மோதல்', 'மர்ம நபர்கள் கைவரிசை'. எரித்தவர் யார்? அடித்தது எத்தரப்பு, அடிபட்டது எத்தரப்பு? வாக்கியம் வாய் திறப்பதில்லை. (செயப்பாட்டு வினையில் வருவது தோன்றா எழுவாய் ஆகாது என்பதை அறிவேன். தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் பொறுத்தருள வேண்டும்.)

செய்தியையும் திரைப்படத்தையும் மேடைப் பேச்சையும் இப்படிக் கேள்வி கேட்டுப் படிக்க நமக்கு வகுப்பறையில் கற்றுத்தர வேண்டும் என்பதே என் கருத்து. காதல் வேண்டாம் என்று மறுக்கும் பெண்ணை நாயகன் தெருத் தெருவாகத் துரத்துவதற்குக் கைதட்டுகிறோம். மறுநாள் ஒரு பெண் வெட்டப்பட்டால், 'ஒருதலைக் காதலால் விபரீதம்' என்ற தலைப்பைப் படித்து உச்சுக் கொட்டுகிறோம். கொலைக்குக் காதல் என்று பெயர் சூட்டியது யார் என்று கேட்பதில்லை. கறுத்த மேனியும் பருத்த உடலும் எப்படி நகைச்சுவை ஆயின என்றும் கேட்பதில்லை.

தவறான எண்ணம் என்றும் முரட்டு மொழியிலேயே பேசும் என்று எண்ணிவிடக் கூடாது. அது பலவேளை நல்ல உடை உடுத்தி, நாகரிகமாகவே பேசுகிறது. கீழ்வெண்மணியில் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றபோது, 1973இல் நிலக்கிழார்கள் விடுவிக்கப்பட்டனர். பெருநிலம் உடைய செல்வர்கள், ஏவலாட்களை விடுத்துத் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் செல்வர் எப்படி இருப்பார், ஏழை எப்படி இருப்பான் என்பது பற்றி நெடுநாளாக நெஞ்சில் ஊறிய ஒரு படம் அதில் இருக்கிறது. அந்தப் படத்தைத்தான் கருத்தியல் என்கிறார்கள் போலும். நம் ஊரிலும் முத்துலட்சுமி ரெட்டியைக் கல்லூரியில் சேர்க்க வந்தபோது, மற்ற மாணவர்களின் ஒழுக்கம் என்னாவது என்ற கவலைதான் எதிர்ப்பாக வந்தது. மன்னர் அனுமதித்ததால் அவர் படித்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், நம் மாவட்டத்து வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருப்பது தெரியவந்தது. குழந்தைகளுக்கு உடல்நலம் கெட்டதால் வெளிப்பட்ட செய்தி அது. மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் சென்றபோது, அப்பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருந்ததும், இறையூர் ஐயனார் கோயிலுக்குள் அம்மக்கள் விடப்படாததும் சேர்ந்தே வெளிவந்தன. அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். சில வாரங்களில் என் கைப்பேசிக்கு ஒரு குரல்பதிவு வந்தது. 'அவர்களே கலந்துவிட்டு நாடகம் ஆடுகிறார்கள்' என்றது அக்குரல். பேசியவர் யார் என்று தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை. கேட்டவுடன் வகுப்புக் குழுவுக்கு அனுப்பினேன். குழுவில் என் பக்கத்து இருக்கை நண்பனும் இருந்தான். அவன் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள். மறுநாள் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மதிய உணவுக்கு வேறிடத்தில் போய் உட்கார்ந்தான். அவ்வளவுதான்.

2025ஆம் ஆண்டு சனவரியில் குற்றப்பிரிவு குற்றப்புலனாய்வுத் துறையினர், அவ்வூரைச் சேர்ந்த, பாதிக்கப்பட்ட சமூகத்தவர் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ததாக உயர்நீதிமன்றத்தில் தெரிவித்தனர். ஊர்மக்கள் அதை ஏற்கவில்லை. மத்தியப் புலனாய்வு விசாரணை கேட்டனர். அன்று பழைய வகுப்புத் தோழர் ஒருவர் என்னிடம், 'பார்த்தாயா, நாம் அன்றே சொன்னது சரியாகிவிட்டது' என்றார். மகிழ்ச்சியாகத்தான் சொன்னார். எனக்கு மகிழ முடியவில்லை. குற்றப்பத்திரிகை என்பது குற்றச்சாட்டு, தீர்ப்பு அன்று. அதை விடுங்கள். நாளைக்குத் தீர்ப்பே எப்படி வந்தாலும், 2023இல் நான் எதையும் அறிந்து அனுப்பவில்லை. நம்ப விரும்பியதை அனுப்பினேன். ஊகம் தற்செயலாகப் பலித்தாலும் ஊகமே. இரட்டைக் குவளையோ ஊகம் அன்று. அதைப் பற்றி ஒரு பதிவும் நான் அனுப்பவில்லை. என்னைப் பற்றி இதில் தெரியவேண்டியது தெரிகிறது.

என் போன்றோர் செயலால் ஒருவன் உணவு வேளையில் இடம் மாறி உட்கார்ந்தான். 2018ஆம் ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண்மணி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் அடித்தே கொல்லப்பட்டார். அடித்தவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாதவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? படிக்கத் தெரிவது வேறு, படித்ததைச் சோதிக்கத் தெரிவது வேறு. அதே ஆண்டில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், தடுப்பூசி பற்றிய வதந்திகளைக் கண்ட மாவட்ட நிர்வாகம், சுமார் 150 அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைக் கண்டறியும் பாடம் நடத்திற்று. இங்கே நாங்குநேரியில் 2023இல் மாணவர்களே சக மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டு, 2024 சூனில் அறிக்கை தந்தது. கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்று பரிந்துரைத்தது, நல்லதே. கயிற்றை அவிழ்த்துவிடலாம், கயிறு கட்டச் சொன்ன நினைப்பை அவிழ்க்க வகுப்புதான் வேண்டும்.

நம் மாவட்டத்திற்கு இது புதிதும் அன்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே கல்குவாரிப் பெண்களுக்கு எழுத்தை மட்டும் கற்பிக்கவில்லை. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அவர்கள் சைக்கிள் ஓட்டினார்கள். குவாரிக் குத்தகையே எடுத்தார்கள். கூலி ஏன் குறைவு என்று கேட்டுக்கொண்டே எழுத்தைக் கற்றவர்கள் அவர்கள். அவர்கள் பேரப் பிள்ளைகள் பட்டப்படிப்பு படிக்கிறோம். வந்த செய்தியைக் கேள்வியில்லாமல் தள்ளிவிடுகிறோம்.

இதற்கு மறுப்புகள் வரும். பாடத்திட்டமே முடியவில்லை என்பார்கள், அது உண்மை. வகுப்பறைக்குள் அரசியல் வந்துவிடும் என்பார்கள். அது ஏற்கெனவே ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியரும் ஒரு சார்பு உடையவர்தாமே என்பதுதான் எனக்குக் கடினமான கேள்வியாகப் படுகிறது. அவரையும் மாணவர் கேள்வி கேட்கலாம் என்றால் ஒழிய அந்த வகுப்பு வேறொரு பிரசாரமாகவே முடியும். இன்னொரு ஆபத்தும் உண்டு: எதையும் நம்பாதே என்று மட்டும் கற்றால், எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டு உறங்கலாம். அதுவும் சோம்பல்தான்.

பெரிய திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. நூலகத்தில் நாளிதழ்கள் வருகின்றன. வாரத்தில் ஒரு நாள், கடைசி மணி நேரம், ஒரே நிகழ்ச்சியை இரண்டு மூன்று நாளிதழ்கள் எப்படி எழுதின என்று அருகருகே வைத்துப் படிப்போம். எந்தத் துறை ஆசிரியர் வந்தாலும் சரி. எழுவாய் எங்கே, யாரிடம் கேட்டு எழுதினார்கள், யாரிடம் கேட்கவில்லை என்று பார்ப்போம். அவரவர் அனுப்பியதையும் கொண்டுவரலாம். அந்தக் குரல்பதிவை நான் அழிக்கவில்லை. முதல் வாரத்திற்கு அதை நான் கொண்டுவருகிறேன்.