பின்சீட்டில் உட்காரத் தயாரா?



வியட்நாம் போவது எப்படி என்று கேட்டு எழுதும் வாசகர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். காரணம் தெரிந்ததுதான். 2023 ஆகஸ்டிலிருந்து அந்த நாடு எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை இ-விசா தருகிறது. அதே வருடக் கடைசியில் திருச்சியிலிருந்து ஹோ சி மின் நகருக்கு, அதாவது பழைய சைகானுக்கு, நேரடி விமானமும் கிளம்பியது. தஞ்சாவூர்க்காரர் ரயிலில் சென்னை வந்து சேரும் நேரத்துக்குள் சைகானில் இறங்கிவிடலாம் என்று நண்பர் ஒருவர் அளக்கிறார். அளப்பதில் பாதி உண்மை.

கரூரிலிருந்து ஒரு தம்பி எழுதிய கடிதம்தான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை, இதுவரை வெளிநாடு போனதில்லை. “ஹா லாங் வளைகுடாவில் படகில் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வருவது வேண்டாம் சார். வடக்கே ஹா ஜியாங் மலைப்பாதையில் நானே பைக் ஓட்ட வேண்டும். வீட்டில் பயப்படுகிறார்கள். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் அப்பா நம்புவார்” என்கிறார்.

தம்பி, போய் வாருங்கள். ஆனால் பைக்கை நீங்கள் ஓட்டாதீர்கள்.

இந்த இரண்டாவது வாக்கியம் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டியவன் என்பீர்கள். ஓட்டியிருப்பீர்கள், இடது பக்கமாக. வியட்நாமில் வண்டிகள் வலது பக்கம் ஓடுகின்றன. நேர் சாலையில் அரை நாளில் பழகிவிடும். குறுகிய வளைவில் திடீரென்று எதிரே லாரி வரும்போது கை யோசிக்காது. பழகிய பக்கம்தான் ஒடிக்கும். அந்தப் பழகிய பக்கத்தில்தான் லாரி வந்துகொண்டிருக்கும்.

அடுத்தது சட்டம். நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் உரிமம் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி அச்சாவது. வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின்படி தரப்படும் உரிமத்தை. ஆகவே நம் உரிமத்தைக் காட்டினாலும் அங்கே அது உரிமம் இல்லாததற்குச் சமம். வாடகைக்கு வண்டி தருகிறவர் இதைப் பெரும்பாலும் கேட்கமாட்டார். காசு வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார். வழியில் நிற்கும் போலீஸ் கேட்பார். 2025 ஜனவரி முதல் அங்கே போக்குவரத்து அபராதங்களைப் பல மடங்கு உயர்த்தியும் இருக்கிறார்கள். அபராதம்கூடப் போகட்டும். உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த விதிவிலக்கு இருக்கும். கிளம்புவதற்கு முன்பே படித்துப் பாருங்கள். நல்ல மருத்துவமனை வேண்டுமென்றால் ஹா ஜியாங்கிலிருந்து ஹனோய் வர வேண்டும், ஏறக்குறைய 300 கிலோமீட்டர். காப்பீடு எடுக்கும்போது, நோயாளியை வேறு ஊருக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டு எடுங்கள். இந்த ஒரு செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சரி, ஓட்டாமல் எப்படிப் போவது? அதற்கு அங்கே நல்ல ஏற்பாடு இருக்கிறது. ‘ஈஸி ரைடர்’ என்பார்கள். உள்ளூர் இளைஞர் ஒருவர் வண்டி ஓட்டுவார், நீங்கள் பின்சீட்டில். பலரும் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பையன்கள். எந்த வளைவில் மண் சரியும், எங்கே எருமை குறுக்கே வரும், எந்தக் கடையில் சோறு சூடாக இருக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பின்சீட்டில் உட்கார்ந்தால் சாகசம் குறைந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் அந்த வழியிலுள்ள மா பி லெங் கணவாயைப் பார்த்ததில்லை. ஓட்டுகிறவர் கண் சாலையை விட்டு நகர முடியாது. பின்னால் இருப்பவருக்குத்தான் அந்த இடம் முழுசாகக் கிடைக்கும்.

அந்தச் சாலையின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் இன்னும் நன்றாக இருக்கும். ஹா ஜியாங் நகரிலிருந்து டோங் வான் வழியாக மெயோ வாக் வரை போகும் மலைச்சாலைக்கு ‘மகிழ்ச்சிச் சாலை’ என்று பெயர். 1959-இல் தொடங்கி 1965-இல் முடித்தார்கள். சுற்றுவட்டாரத்துப் பல இனத்து இளைஞர்கள் உளியும் சுத்தியலும் கடப்பாரையுமாக வெட்டிய பாதை. மா பி லெங் பகுதியில் கால் வைக்க இடமில்லாததால், இடுப்பில் கயிறு கட்டிப் பாறையில் தொங்கிக்கொண்டே மாதக்கணக்கில் துளை போட்டிருக்கிறார்கள். இன்று அங்கே நின்று குனிந்து பார்த்தால் வெகு ஆழத்தில் நோ குவே ஆறு பச்சையாக ஓடுகிறது. எதிர்ச்சரிவில், கொத்துவதற்குக்கூட மண் இல்லாத சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் ஹ்மாங் விவசாயிகள் ஒரு பிடி மண்ணை வைத்துச் சோளம் நட்டிருப்பதைப் பார்க்கலாம். ஒவ்வொரு இடுக்கிலும் இரண்டு மூன்று செடி, அவ்வளவுதான். டோங் வான் பீடபூமியை 2010-இல் யுனெஸ்கோ புவிப்பூங்காப் பட்டியலில் சேர்த்தது. வியட்நாமில் அதுதான் முதலாவது.

ஒரு தகவல்: 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்தபோது ஹா ஜியாங், துயென் குவாங் மாகாணத்தோடு சேர்ந்துவிட்டது. பழைய வரைபடத்தையும் புதிய பெயர்ப்பலகையையும் பார்த்துக் குழம்பாதீர்கள். பஸ்காரர்களும் விடுதிக்காரர்களும் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள்.

எப்போது போவது? செப்டம்பர் கடைசியில் ஹோவாங் சு ஃபீ பக்கம் படிக்கட்டு வயல்களில் நெல் பழுத்து நிற்கும். அக்டோபர், நவம்பரில் மலை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கும் ஒரு சிறுதானியப் பயிரைப் பார்க்கவே வியட்நாமியர்கள் கூட்டமாக வருவார்கள். மார்ச், ஏப்ரலும் நல்ல மாதங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கனமழை, மண்சரிவு. நம் பள்ளி விடுமுறை முடியும் நேரம் அங்கே மழை தொடங்கும் நேரம் என்பதால், கோடை விடுமுறையில் போவதென்றால் மே மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் யாகி புயல் வடக்கு வியட்நாமைப் புரட்டிப்போட்டது நினைவிருக்கும். நல்ல மாதம் என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும் கிளம்பும் வாரம் வானிலையைப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் மேலே பத்து டிகிரிக்கும் கீழே போகும். வியட்நாம் என்றாலே வெயில் என்று நினைத்து இரண்டு டீ-ஷர்ட்டோடு போய், டோங் வான் சந்தையில் ஸ்வெட்டர் வாங்கியவர்கள் நிறையப் பேர். தேட் எனப்படும் அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். அந்த வாரம் பஸ் கிடைக்காது, கடை திறக்காது.

விசாவுக்கு வருவோம். ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை நுழைய 50 டாலர். அரசுத் தளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றமளித்து இரட்டிப்புப் பணம் வாங்கும் இடைத்தரகர் தளங்கள் ஏராளம். தமிழ்நாட்டுக்காரர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: இனிஷியல். டிக்கெட்டில் ‘எஸ். முருகன்’, பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து ‘முருகன் சுப்பையா’, விசாவில் வெறும் ‘முருகன்’ என்று இருந்தால் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டின் அடிப்பக்கத்தில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிட்ட இரண்டு வரி இருக்கிறதே, அதில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே மூன்றிலும் இருக்கட்டும். இன்னொன்று, விண்ணப்பத்தில் எந்த விமான நிலையம் வழியாக நுழைவீர்கள் என்று கேட்பார்கள். திருச்சியிலிருந்து சைகானில் இறங்கி, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ஹனோய் போகிறவர் சைகானைத்தான் குறிப்பிட வேண்டும். போய்ச்சேரும் ஊர் ஹனோய்தானே என்று அதை எழுதிவிடக் கூடாது. விசாவில் போட்டிருக்கும் தேதிக்கு ஒரு நாள் முன்னால் போனாலும் உள்ளே விடமாட்டார்கள்.

பணம் டோங். நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டோங் என்பதால் முதல் நாள் எல்லாரும் லட்சாதிபதி. பூஜ்யங்களைவிட நிறத்தில் கவனம் வையுங்கள்: 20,000 டோங் தாளும் நீலம், 5 லட்சம் டோங் தாளும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் படம். இரவு நேரத்தில் டாக்ஸியில் அவசரமாக நீட்டினால் மாறிப்போகும். பெரிய தாள்களைத் தனி உறையில் போட்டுவையுங்கள். நம் ஊர் போல டீக்கடையில் ஜிபே செய்யலாம் என்று நினைக்காதீர்கள். மலைக்குப் போகுமுன் ஹனோயில் ஏடிஎம்மில் எடுத்துக்கொள்ள வேண்டும். நகரத்துக்குள் வண்டிக்கு கிராப் செயலி போதும், பேரம் பேசும் வேலை இல்லை. சிம் கார்டு வியட்டெல் வாங்குங்கள். மலையில் அதற்குத்தான் சிக்னல். மொழிபெயர்ப்புச் செயலியில் வியட்நாமிய மொழியை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாதபோதும் உதவும்.

ஹனோயில் முதல் சாகசம் மலையில் இல்லை, ஹோட்டல் வாசலில். ரோட்டைக் கடக்க வேண்டும். ஸ்கூட்டர்கள் விட்ட பாடில்லை. இடைவெளி வரட்டும் என்று நின்றால் சாயங்காலம் வரை நிற்கலாம். கைப்பிடிக்க ஆள் தேடாமல், ஒரே சீராக, மெதுவாக நடந்துகொண்டே இருங்கள். ஸ்கூட்டர்க்காரர்கள் நீங்கள் போகும் வேகத்தைக் கணித்து உங்களைச் சுற்றிப் போவார்கள். பாதியில் நின்றாலோ பின்வாங்கினாலோதான் இடிப்பார்கள். பஸ், லாரிக்கு இந்தக் கணக்கு செல்லாது, அவற்றுக்கு வழிவிட்டுவிடுங்கள்.

சைவர்கள் பயப்படுகிறார்கள். “பாம்பெல்லாம் தின்பாங்களாமே” என்று ஒரு அத்தையாவது ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருப்பார். உண்மையான பிரச்னை பாம்பு இல்லை, மீன் சாறு. காய்கறிப் பொரியலிலும் அதை ஊற்றிவிடுவார்கள். ‘சாய்’ என்று சொன்னால் பௌத்த முறைப்படி சைவம் என்று புரிந்துகொள்வார்கள். ‘சாய்’ என்று பலகை போட்ட தனிக் கடைகளே உண்டு. நிறைய வியட்நாமியர்கள் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம்தான் சாப்பிடுவார்கள். நம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாட்கள் அவை. அந்தத் தேதிகளில் ஊரில் இருந்தால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டியதில்லை. மலையில் தங்கும் வீடுகளில் எல்லாரும் ஒரே பாயைச் சுற்றி உட்கார்ந்துதான் சாப்பாடு. சோறு, டோஃபு, பூண்டு தட்டிப்போட்டு வதக்கிய கீரை என்று வந்துவிடும். மதியமே ஈஸி ரைடரிடம் சொல்லி வைத்தால் போதும்.

அதே பாயில் சோளச் சாராயமும் வரும். சின்னக் குவளையில் ஊற்றி, எல்லாரும் சேர்ந்து கத்தி, கைகுலுக்கி, மறுபடி ஊற்றுவார்கள். வேண்டாம் என்றால் சிரித்தபடி நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். உங்கள் ஓட்டுநர் எத்தனை குவளை போட்டார் என்பதில் மட்டும் ஒரு கண் வையுங்கள். காலையில் அவர் முகம் சரியில்லை என்றால் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பலாம் என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

மலைச்சாலையின் தாம் மா ஏற்றத்தில் கூடை நிறையப் பூவைச் சுமந்துகொண்டு ஹ்மாங் குழந்தைகள் நிற்பார்கள். படம் எடுத்துக்கொண்டு காசு கொடுத்தால் பள்ளிக்கூடத்தைவிடச் சாலையோரம் லாபமான இடமாகிவிடுகிறது. காசு கொடுக்காதீர்கள், படமும் எடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை டோங் வானிலோ மெயோ வாக்கிலோ கூடும் சந்தையில் பெரியவர்களிடம் எதையாவது வாங்குங்கள். பணம் சேர வேண்டிய வழி அதுதான்.

திட்டம் போடும்போது ஹனோயில் முதல் இரவுக்கும், திரும்பும் விமானத்துக்கு முந்தைய ஒரு முழு நாளுக்கும் மட்டும் உறுதியாக அறை போட்டுவிடுங்கள். மலைக்கு நான்கு நாள் தாராளம். அந்த நாட்களைத் தளர்வாக விடுங்கள். மண் சரிந்து சாலை அடைபட்டால் அந்த உபரி நாள்தான் விமானத்தைக் காப்பாற்றும். பெரிய பெட்டியை ஹனோய் விடுதியிலேயே வைத்துவிட்டுச் சின்னப் பையோடு ஏறுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் அடமானமாகக் கொடுக்க வேண்டாம், நகல் கொடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 115, போலீஸுக்கு 113. இந்தியத் தூதரகம் ஹனோயில், துணைத் தூதரகம் சைகானில். இந்த எண்களையும் தங்கும் இடங்களின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுங்கள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வரி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போங்கள். அங்கே ஒன்பது என்றால் கரூரில் ஏழரை. ஒரு ராத்திரி சிக்னல் இல்லாமல் போகலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

திரும்பும் வழியில் சைகானில் நேரமிருந்தால் ட்ருவோங் டின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போகலாம். நம்மவர்கள் வியாபாரத்துக்குப் போன காலத்தில் எழுந்த கோயில். இன்று வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். சுவரில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு அம்மனிடம் வேண்டுதலைச் சொல்வது அவர்கள் வழக்கம்.

நான்கு நாள் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்த இடுப்பு உடனே ஆபீஸ் நாற்காலிக்குச் சம்மதிக்காது. லீவு கேட்கும்போது ஊர் திரும்பிய மறுநாளையும் சேர்த்தே கேளுங்கள், தம்பி.

அன்புடன்,
ஆசிரியர்