பழைய ஆயிலுக்கும் ஓர் இடம் வேண்டும்

சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்கள் அதன் இன்ஜின் ஆயிலை மாற்றும் வேலையைத் தங்கள் வீட்டு வாசலிலேயே செய்துகொள்வது நல்ல வழக்கம் என்பது என் திடமான அபிப்பிராயம். கூலி மிச்சமாவது அதில் கிடைக்கும் சிறிய லாபமே. நித்தியம் நம்மையும் நம் குழந்தைகளையும் சுமந்து செல்லும் யந்திரத்தின் நாடியை நாமே பிடித்துப் பார்க்கும் பயிற்சி கிடைக்கிறதே, அதுதான் பெரிய லாபம். ஆனால் இறக்கிய பழைய ஆயிலைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது என்ற கடைசிக் கடமையை நிறைவேற்ற நம் ஊர்களில் சாதாரணக் குடும்பஸ்தனுக்குச் சரியான வழி இல்லை. அந்த வழியைச் செய்து தரும் பொறுப்பு ஆயிலை விற்பவர்களைச் சேர்ந்தது என்று வற்புறுத்தவே இதை எழுதுகிறேன்.

இன்ஜினுக்குள் ஆயில் செய்யும் ஊழியம் ஒன்றிரண்டல்ல. வேகமாகச் சுழலும் கிராங்க் ஷாஃப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பதும், பிஸ்டனின் உஷ்ணத்தை வாங்கிக் கீழே கொண்டுவருவதும், எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரியையும் அமிலத்தையும் தன்னுள் ஏற்றுக்கொண்டு இன்ஜினின் உட்புறத்தைச் சுத்தமாக வைப்பதும் அதன் வேலைகள். இவற்றுக்காக அதில் கலந்துள்ள ரசாயனப் பொருள்கள் நாளடைவில் தீர்ந்துபோவதால்தான், பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்தியதோ அப்போது ஆயிலை மாற்றும்படி தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அண்ணா சாலை நெரிசலில் நின்றுகொண்டே இன்ஜின் ஓடும் நேரம் கிலோமீட்டர் கணக்கில் ஏறுவதில்லை. ஆயில் மட்டும் அப்போதும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

வேலையின் கிரமம் கடினமானதன்று. சமதரையில் காரை நிறுத்தி, இன்ஜினைச் சில நிமிஷங்கள் ஓடவிட்டு அணைத்தால், ஆயில் இளஞ்சூடாகி அடியில் தங்கிய அழுக்கோடு தாராளமாக இறங்கும். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருகாலும் போகலாகாது. உறுதியான ஸ்டாண்டுகளைக் கொடுத்த பிறகே போக வேண்டும். கையுறை அணிந்து, அகலமான தட்டை அடியில் வைத்து, டிரெயின் பிளக்கை ஸ்பானரால் இளக்கிக் கடைசிச் சுற்றுகளைக் கையால் கழற்றும்போது, முதலில் பெருந்தாரையாகப் பாயும் கருப்பு ஆயில் சிறிது நேரத்தில் நூலாக மெலிந்து, பிறகு சொட்டுச் சொட்டாக நிற்கும். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயிலைத் தடவிக் கையாலேயே இறுக்குவதும், பிளக்குக்குப் புது வாஷர் போடுவதும், காரோடு வந்த புத்தகம் சொல்லும் தரத்து ஆயிலை மட்டும் ஊற்றுவதும், இன்ஜினை ஓடவிட்டு அணைத்துச் சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கில் இரண்டு குறிகளுக்கும் நடுவே அளவு நிற்கிறதா என்று பார்ப்பதும் சிரத்தையுள்ள எவரும் செய்யக்கூடியவை. காலி டப்பாவில் ஓட்டை போட்டுவிடுவதும் நல்லது. போலி ஆயில் நிரப்பி விற்பவன் கையில் அது முழுசாகப் போய்ச் சேரலாகாது.

இனித்தான் உண்மையான சங்கடம் ஆரம்பமாகிறது. சிறிய காரானாலும் தட்டில் 3 முதல் 4 லிட்டர் வரை கழிவு ஆயில் நிற்கிறது. அதைச் சென்ட்ரிங் பலகையில் பூசுகிறார்கள். கரையானுக்காக மரத்தில் தடவுகிறார்கள். கொசுப்புழுவை ஒழிப்பதாக எண்ணிச் சாக்கடையில் ஊற்றுகிறார்கள். புழு மூச்சுமுட்டிச் சாவது மெய்தான். ஆனால் அடுத்த மழையில் அதே ஆயில் கால்வாய் வழியே ஏரிக்கும் ஆற்றுக்கும் போகிறது என்பதும் மெய். ஒரு தடவை மாற்றிய ஆயில் பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. தேய்ந்த உலோகத் துகள்களும், எரிதலில் பிறந்த நச்சுப் பொருள்களும் சேர்ந்த அந்தத் திரவம் நெடுங்காலம் தோலில் பட்டால் புற்றுநோய் வரும் அபாயமும் உண்டு.

மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாமே என்பார்கள். பலர் வாங்கிக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனால் பேரல் கணக்கில் அவரிடமிருந்து எடுத்துச் செல்லப்படும் ஆயில், அனுமதி பெற்ற சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறதா, ஏதோ ஓர் உலையில் எரிந்து புகையாகிறதா என்பதைக் கொடுத்தவர் அறிய மார்க்கமில்லை.

இத்தனைக்கும் இது வீணாக வேண்டிய பொருளே அன்று. ஆயில் அழுக்கடைகிறதே தவிர, அதன் அடிப்படை எண்ணெய் அழிந்துவிடுவதில்லை. நீரையும் அழுக்கையும் நீக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்தால் மீண்டும் நல்ல உயவு எண்ணெய் ஆகும். 42 காலன் கச்சா எண்ணெயிலிருந்து பெறும் அளவு உயவு எண்ணெயை ஒரே காலன் கழிவு ஆயிலிலிருந்து பெற்றுவிடலாம் என்று அதே முகமை கணக்கிட்டிருக்கிறது. நம் மத்திய அரசும் அபாயகரக் கழிவுகள் பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகளை 2023இல் திருத்தி, பழைய ஆயிலின் மறுசுழற்சிப் பொறுப்பை 2024 ஏப்ரல் முதல் தயாரிப்பாளர்கள் மேல் சுமத்தியிருக்கிறது. நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் தட்டில் ஆயிலோடு வாசலில் நிற்கும் மனிதனுக்கு அதனால் ஒரு கதவும் திறந்தபாடில்லை.

ஜெர்மனியில் ஆயில் விற்கும் கடைக்காரர், தாம் விற்ற அளவுக்குப் பழைய ஆயிலை இலவசமாகத் திரும்பப் பெறச் சட்டத்தால் கடமைப்பட்டிருக்கிறார். அதையே நாமும் கேட்க வேண்டும். புது ஆயில் டப்பாவை அடுக்கி வைத்து விற்கும் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும், உதிரிபாகக் கடையிலும் பழைய ஆயிலுக்கென்று மூடியுள்ள ஒரு பேரல் இருக்கட்டும். லிட்டருக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை விற்கும்போதே முன்பணமாக வாங்கி, பழையதைக் கொண்டுவந்து கொடுப்பவருக்குத் திருப்பித் தரட்டும். விற்பதற்கு ஊர்தோறும் இடம் கண்ட கம்பெனிகளுக்கு, வாங்கிக்கொள்ள இடமில்லை என்ற சமாதானம் பொருந்தாது. அதுவரை வீட்டில் ஆயில் மாற்றுகிறவர்கள் அதை நீரோ பெட்ரோலோ கலக்காமல் மூடியுள்ள கேனில் பத்திரப்படுத்தி, அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக் கொடுக்க வேண்டும். வாங்க மறுத்தால், ஏன் மறுக்கிறீர்கள் என்று மரியாதையோடும் விடாமலும் கேட்க வேண்டும். கேட்பவர் தொகை பெருகினால்தான் பேரல் வரும்.