தூசியைத் தட்டுங்கள், சத்தம் அடங்கும்

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையை ஒட்டி இருக்கும் அலுவலகத்தில் கணினி இரைந்தால், பயாஸில் ஃபேன் வேகத்தைக் குறைப்பது தப்பான வைத்தியம் என்பேன். பெட்டியைத் திறந்து பாருங்கள். ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே களிமண் தூள் மாவாய் அப்பியிருக்கும். காற்று புகாது, பிராசஸர் சூடேறும், ஃபேன் தலைதெறிக்கச் சுற்றும். மின்சாரத்தைத் துண்டித்து, வெளியே எடுத்துப்போய், இறக்கையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். மாஸ்க் கட்டாயம், சிலிக்கா கலந்த தூசி நுரையீரலைக் கெடுக்கும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுங்கள். பல பேஸ்ட்டுகளில் இருப்பது அலுமினா, பீங்கான்காரர்களுக்குப் பழகிய சரக்கு! அப்புறமும் அடங்கவில்லையென்றால் 80 மி.மீ. ஃபேனுக்குப் பதில், இடமிருந்தால் 120 மி.மீ. மாட்டலாம். பெரிய இறக்கை மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும். ஒரே ஃபேனின் வேகம் பாதியானால் இரைச்சல் சுமார் 15 டெசிபல் இறங்கும்.