பூட்டை மாத்திட்டா ரூம் போச்சா?

வில்லியனூர் பக்கம் நாலு பேர் சேர்ந்து மாடி ரூம் எடுத்திருக்கீங்க. ரெண்டு மாச வாடகை பாக்கியோட லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினா, கதவுல புதுப் பூட்டு! உள்ளே உங்க புத்தகம், சர்டிபிகேட், துவைக்காத ஜீன்ஸ். ''காலி பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன் தம்பி'' என்கிறார் ஓனர். என்ன செய்வீங்க?

பாக்கிக்காக உங்களைக் காலி பண்ண வைக்க அவருக்கு வழி இருக்கு. ஆனா அது பூட்டுக் கடையில் இல்லை, கோர்ட்டில் இருக்கு. ஓர் இடத்தில் நிலையாக இருப்பவரை, அவருக்கு உரிமையே இல்லாவிட்டாலும், சட்டப்படிதான் வெளியேற்றணும்னு சுப்ரீம் கோர்ட் 1989-லேயே சொல்லிடுச்சு. புதுச்சேரிக்கென 1969-ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும், 'வேணும்னே பாக்கி வெச்சாரா' என்பதுதான் முக்கியக் கேள்வி.

பாகூர் பசங்களே, ஆத்தைத் தாண்டி கடலூர்ல ரூம் எடுத்தா சட்டமே வேற! தமிழ்நாட்டின் 1960-ம் ஆண்டு சட்டப்படி, மலைவாசஸ்தலம் தவிர மத்த ஊர்களில், தகுந்த காரணமில்லாம தொடர்ந்து 4 மாசம் வீட்டைப் போட்டு வெச்சாலே ஓனர் வழக்குப் போடலாம்னு அப்போ இருந்துச்சு. அதுக்குப் பதிலா வந்த புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கு. 2 மாச வாடகை பாக்கி நின்னு, நோட்டீஸ் வந்தும் ஒரு மாசத்துக்குள் கட்டலைன்னா வாடகை கோர்ட்டுக்குப் போகலாம்.

2020 கொரோனா ஞாபகமிருக்கா? ரூமைப் பூட்டிட்டு ஓடினோமே! மாணவர்களைக் காலி பண்ணச் சொல்லி நெருக்கும் ஓனர்கள் மேல நடவடிக்கை எடுக்கணும்னு மார்ச் 29-ல் மத்திய உள்துறை உத்தரவு போட்டது. ஆனா எப்பவும் டெல்லி வந்து காப்பாத்தாது பாஸ்!

அதே சமயம், பாக்கி வெச்சுட்டு ராத்திரியோட ராத்திரியா கம்பி நீட்டறதும் நியாயமில்லை. அந்த ஓனருக்கு உங்க வாடகைதான் மளிகைக் கடை பாக்கியைத் தீர்க்கிற காசா இருக்கலாம்.

அதனால மூணே வேலை. வாடகை கொடுத்தா ரசீது வாங்குங்க. நீண்ட லீவுன்னா, 'திரும்பி வருவேன், சாமான் உள்ளே இருக்கு'ன்னு எழுத்துல ஒரு வரி அனுப்புங்க. காலி பண்றதா இருந்தா முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, சாவியை ஒப்படைச்சு, கையெழுத்து வாங்குங்க. மாச வாடகைக்கு வேற ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள் நோட்டீஸ் போதும்.

புதுப் பூட்டு ஏற்கெனவே தொங்குதா? கல்லைத் தூக்காதீங்க. போட்டோ எடுத்துட்டு, ஒரு வக்கீலைப் பாருங்க. சர்டிபிகேட்டும் முக்கியம், நீங்களும் முக்கியம்!