பழைய வண்டின்னா அப்படித்தானா?

பழைய லாரி வைத்திருக்கிறவர்கள் எல்லோருமே ஒரு தடவையாவது கேட்டிருக்கும் வசனம் இது: "பழைய வண்டின்னா அப்படித்தாங்க, கொஞ்சம் தண்ணி குடிக்கும்." சர்வீஸ் முடிந்து வந்த வண்டியில் கூலன்ட் குறைகிறது. ஒழுகின தடம் எங்கேயும் இல்லை. பட்டறையில் போய்க் கேட்டால் இந்த வசனம்தான் வரும். என்னைப் பொறுத்தவரை இது பதிலே இல்லை. "தேடிப் பார்க்க எனக்கு நேரமில்லை" என்பதைத்தான் கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறார்கள்.

பி.காம் படிக்கிறவனுக்கு ரேடியேட்டரில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் ஊர், சங்ககிரியில் லாரி பேச்சு இல்லாத டீக்கடை இல்லை. இந்தப் பக்கம் பிறந்தவன் லாரியைப் பற்றி எழுதாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதுவும் இல்லாமல், நான் பார்த்த வரையில் இது பாதி கணக்குப் பிரச்சினை.

இருப்பாய்வு போடும்போது இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்றால், வித்தியாசத்தைத் தற்காலிகமாக அனாமத்துக் கணக்கில் வைப்போம். பிறகு பிழையைத் தேடிக் கண்டுபிடித்து அந்தக் கணக்கை முடிக்க வேண்டும். முடிக்காமல் வருடா வருடம் அதையே இழுத்துக்கொண்டு போகிறவரை நல்ல கணக்காளர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தினமும் காலையில் ரேடியேட்டரில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புவதும் அதே வேலைதான்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். டீசல் எரிந்து தீர்கிறது. இன்ஜின் ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கூலன்ட் அப்படிச் செலவாகிற பொருள் இல்லை. அது மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறது என்றால் எங்கோ போகிறது என்று அர்த்தம்.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு, அதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். கூலன்டை முழுவதும் இறக்கிவிட்டு மறுபடி நிரப்பினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். வண்டி சில முறை சூடாகி ஆறும்போது அந்தக் காற்று வெளியேறி மட்டம் இறங்கும். அது சில நாளில் நின்றுவிடும். இன்னொன்று, தனி ரிசர்வ் டப்பா இல்லாத பழைய ரேடியேட்டர்களில் கழுத்து வரை நிரப்பினால், சூட்டில் விரிந்த தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கொஞ்சம் வெளியே போய்த் தன் மட்டத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டும் இல்லாமல் வாரக்கணக்கில் குறைந்துகொண்டே இருந்தால் அது நோய்தான்.

என் வாதம் சாதாரணமானது. சர்வீசுக்கு முந்தின நாள் வரை குறையாத தண்ணீர் அடுத்த நாளிலிருந்து குறைகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் வயதை அல்ல, அன்றைக்கு யார் கை எங்கெல்லாம் பட்டது என்பதை. வாட்டர் பம்ப் மாற்றினார்களா? அதன் கேஸ்கட் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்தார்களா? தெர்மோஸ்டாட் கழற்றினார்களா? ஹோஸ் கிளிப் எல்லாம் முறுக்கினார்களா? அடியில் இருக்கும் டிரெயின் காக் சரியாக மூடியிருக்கிறதா?

சித்தப்பாவின் பத்து சக்கர லாரியில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். வாட்டர் பம்ப் மாற்றி, ரேடியேட்டர் கழுவி வந்த வண்டி. லோடோடு தொப்பூர் கணவாய் ஏறினால் தண்ணீர் குறையும், செட்டில் நின்றால் ஒரு சொட்டு குறையாது. பட்டறையில் "ஹெட்டைக் கழற்றிப் பார்க்கணும்" என்றார்கள். பெரிய செலவு, வண்டியும் நாள் கணக்கில் நிற்கும். டிரைவர் அண்ணன்தான் டூல் பாக்ஸில் கிடந்த பழைய ரேடியேட்டர் மூடியை எடுத்துவந்து புதிய மூடிக்குப் பக்கத்தில் வைத்தார். பழையதில் 0.9 என்று இருந்தது. புதியதில் 0.5. சரியான மூடி சில நூறு ரூபாய்தான். மாற்றின பிறகு தண்ணீர் குறையவில்லை, ஹெட்டையும் யாரும் தொடவில்லை.

மூடியில் என்ன இருக்கிறது என்று தோன்றும். சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மூடி 0.5 பார் அழுத்தம் பிடித்தால் சுமார் 111 டிகிரி, 1 பார் பிடித்தால் சுமார் 120 டிகிரி. மூடி சீக்கிரம் திறந்துவிட்டால் மேட்டில் ஏறும்போது சூடான தண்ணீர் சாலையில் கொட்டி ஆவியாகிவிடும். வண்டி நின்ற பிறகு எந்தத் தடமும் இருக்காது.

எல்லா வண்டியிலும் மூடிதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. நிஜமாகவே வயசான கோளாறுகளும் உண்டு. ரேடியேட்டரைக் கழுவும்போது வருடக்கணக்கில் ஓட்டையை அடைத்திருந்த உப்புப் படிவு கரைந்துபோய் ஊசித் துளை திறக்கும். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். வெட் லைனர் இன்ஜினில் லைனர் ரப்பர் வளையம் விட்டு, தண்ணீர் ஆயிலில் கலக்கலாம். ஏர் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசரையும் பல லாரிகளில் இதே தண்ணீர்தான் குளிர்விக்கிறது. அதன் ஹெட்டில் கசிந்தால் தண்ணீர் காற்றோடு சேர்ந்து ஏர் டேங்குக்குப் போய்விடும். டேங்கைத் திறந்து வடிக்கும்போது கூலன்ட் நிறத்தில் வந்தால் பிடிபட்டது திருடன்! இன்ஜினை மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

ஆனால் வரிசை முக்கியம். பைசா செலவில்லாத சோதனை முதலில், பெரிய செலவு கடைசியில். இன்ஜின் ஆறின பிறகு மூடியைப் பாருங்கள் (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்). ஹோஸ் முனைகளில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, வாட்டர் பம்பின் அடித்துளையில் ஈரமா, ஆயில் ஸ்டிக்கில் பால் போல இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, சரியான மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் விட்டால் போதும். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. ஹெட் கேஸ்கட் மீது சந்தேகமென்றால், ரேடியேட்டர் வாயில் வரும் காற்றை நீலத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்ப்பார்கள். எரிந்த புகை கலந்திருந்தால் நிறம் மாறும். இதெல்லாம் முடிந்த பிறகு ஹெட்டைக் கழற்றச் சொன்னால் நான் எதிர்க்க மாட்டேன்.

"தண்ணிதானே, ஊத்திட்டுப் போ" என்பதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. ஊற்றுவது பெரும்பாலும் போர் தண்ணீர். நம் பக்கத்து உப்பு எப்படிப்பட்டது என்று வீட்டுக் குடத்தைப் பார்த்தாலே தெரியும். ஊற்ற ஊற்றக் கூலன்டில் உள்ள துருத்தடுப்பு மருந்து நீர்த்துப் போகிறது, உள்ளே சுண்ணாம்பு படிகிறது, வெட் லைனர்களில் குழி விழ ஆரம்பிக்கிறது. தினமும் இரண்டு லிட்டர் இலவசத் தண்ணீர் என்று நினைப்பது கடைசியில் இன்ஜின் வேலையாக வந்து நிற்கும்.

அப்போது பழி யார் மேல் விழும்? "தண்ணி பார்க்காம ஓட்டிட்டான்" என்று டிரைவர் மேல். மூடியை மாற்றினவர் மேல் இல்லை, எழுதிக் கொடுக்காத பட்டறை மேல் இல்லை. எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான். மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிற மனிதர், தான் தொடாத ஒரு வேலைக்குப் பொறுப்பாகிறார்.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் வேண்டாம். சர்வீஸ் பில்லில் மொத்தத் தொகையை மட்டும் போடாமல் எதைக் கழற்றினோம், என்ன மாற்றினோம், எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று எழுத வேண்டும். மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டியில் ஒரு நோட்டு இருக்க வேண்டும்: தேதி, கிலோமீட்டர், ஊற்றிய அளவு, அன்று லோடா காலியா, மேடா சமதளமா. பத்து நாள் எழுதினால் போதும், தண்ணீர் எப்போது போகிறது என்று தெரிந்துவிடும். எப்போது என்று தெரிந்தால் எங்கே என்பது பாதி தெரிந்த மாதிரி. நாளைக்கு எவராவது டிரைவரைக் கை நீட்டினால் அவர் நீட்டிக் காட்ட அந்த நோட்டு இருக்கும்.

வண்டிக்கு வயசானது உண்மைதான். அதற்காக அதன் மேல் சொல்லப்படும் எல்லாக் குற்றமும் உண்மையாகிவிடாது.