மரபணு அறிக்கை மூத்தோரின் தலைவிதி அல்ல

எச்சில் மாதிரியை அனுப்பினால் மரபணு அறிக்கை வீடு தேடி வரும் காலம் இது. தலையில் மாட்டிக்கொண்டு மெல்லிய மின்னோட்டத்தால் மூளையைத் தூண்டும் கருவிகளும் இணையத்தில் விற்பனைக்கு உள்ளன. இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டு, “இந்தத் தாத்தாவுக்குப் பயன் கிடைக்கும், அந்தப் பாட்டிக்குக் கிடைக்காது” என்று மூத்தோரைத் தரம் பிரிக்கும் போக்கு வந்துவிடக் கூடாது என்பதே என் கருத்து.

இப்படிப் பிரிக்கலாம் என்ற எண்ணம் வெறும் கற்பனையிலிருந்து வரவில்லை. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பெற உதவும் புரதம் பிடிஎன்எஃப். அதை உருவாக்கும் மரபணுவில் ஓர் எழுத்து மாறினால், புரதத்தின் 66ஆவது இடத்தில் வேலினுக்குப் பதிலாக மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அமர்கிறது. அப்போது, மூளை மும்முரமாக இயங்கும் வேளையில் வெளிப்படும் புரதம் குறைகிறது.

அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஸ்டீவன் கிரேமர் இடம்பெற்ற குழு 2006ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இளையர்களுக்கு விரல் பயிற்சி கொடுத்து, மூளையில் ஏற்பட்ட மாற்றத்தைக் காந்தத் துடிப்புகளின் உதவியுடன் அளந்தார்கள். அந்த எழுத்து மாறியவர்களிடம் மூளையின் நெகிழ்தன்மை குறைவாக இருந்தது. மூளைத் தூண்டலுக்கும் அவர்கள் வேறு விதமாக எதிர்வினை காட்டுவதாக 2008ல் மற்றோர் ஆய்வு கூறியது.

கதை அத்துடன் முடியவில்லை. கிரேமர் இடம்பெற்ற ஆய்வு ஒன்று 2013ல் இதே கேள்வியை மூத்தோரிடம் சோதித்தது. அங்கே அந்தத் தொடர்பு தென்படவில்லை!

இதில் வியப்பில்லை. 70 வயது மூளையில் மரபணு மட்டும் பேசுவதில்லை. உடற்பயிற்சி, தூக்கம், நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள் என வாழ்க்கை முழுவதும் அதில் பதிந்திருக்கிறது. வயதாக ஆக மூளை சற்றுச் சுருங்குவதால், வெளியிலிருந்து செலுத்தும் மின்னோட்டம் மூளையைச் சென்றடையும் அளவும் மாறுபடுகிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்த மரபணு மாற்றம் ஐரோப்பியர்களைவிடக் கிழக்காசியர்களிடம் மிகப் பரவலாக உள்ளது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதைக் கொண்டுள்ளனர். அது ஒரு குறை என்றால், பாதி அக்கம்பக்கத்தாரையே நாம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

2030க்குள் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினராக இருப்பார். எனவே மூளைத் தூண்டல் ஆய்வுகளில் மூத்தோரும் எல்லா இனத்தவரும் போதிய அளவில் இடம்பெற வேண்டும். மரபணுத் தகவல் ஒருவருக்கு ஏற்ற சிகிச்சையைக் கண்டறிய உதவட்டும். அவரைச் சிகிச்சையிலிருந்து விலக்க அது காரணமாகக் கூடாது.

மாணவர்களாகிய நாமும் ஒன்று செய்யலாம். மூளை பற்றிய பரபரப்பான செய்தியைப் படிக்கும்போது, “யாரிடம் சோதித்தார்கள்?” என்று முதலில் கேட்போம். மருத்துவரைக் கேட்காமல் வீட்டுப் பெரியவர்களுக்குத் தூண்டல் கருவி வாங்கித் தர வேண்டாம். அவர்கள் புதிதாக ஒன்றைக் கற்க விரும்பினால், மரபணு அறிக்கைக்குக் காத்திராமல் உடன் அமர்ந்து சொல்லிக் கொடுப்போம்.